இலவசத் தரநிலைகளுக்கு மூன்று விலைப்புள்ளிகள்

முதுநிலை வணிகவியல் மாணவர்களும் எங்கள் துறை ஆசிரியர்களும், நிறுவனங்கள் கணக்குகளை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் இந்தியக் கணக்கியல் தரநிலைகளை மூலத்திலேயே படிக்க நூலகத்தில் ஏற்பாடு வேண்டும் என்று நான் கொடுத்த விண்ணப்பம், "மூன்று விலைப்புள்ளிகள் இணைக்கப்படவில்லை" என்ற குறிப்போடு கல்லூரி அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. இவை கடையில் வாங்கும் புத்தகங்கள் அல்ல, 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 133-ஆவது பிரிவின்படி மத்திய அரசு அறிவித்த விதிகள், எவரும் அரசிதழிலிருந்து காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்று கண்காணிப்பாளரிடம் விளக்கினேன். விலையே இல்லாத பொருளுக்குக் கோப்பு எதற்கு என்று அவர் கேட்டார். கோப்பில் ஒப்புதல் இல்லாமல் நூலகப் பதிவேட்டில் ஒரு தாளைக்கூட ஏற்ற முடியாது என்றார் நூலகர். அவரவர் விதிப்படி இருவர் சொன்னதும் சரிதான் என்பதால் யாரிடமும் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் நூலகத்தின் வணிகவியல் அடுக்கைப் பார்த்திருக்க வேண்டும். அங்கிருந்த பாடநூல்கள் குத்தகைக்கு 17-ஆம் எண் தரநிலையையும் வருவாய்க்கு 18-ஆம் எண் தரநிலையையும் விளக்கிக்கொண்டிருந்தன. வருவாய்க்கு 115-ஆம் எண் 2018 ஏப்ரல் 1 முதலும், குத்தகைக்கு 116-ஆம் எண் 2019 ஏப்ரல் 1 முதலும் நடைமுறைக்கு வந்துவிட்டன. இந்தத் தரநிலைகள் பொருந்தாத நிறுவனங்களுக்கான பழைய தரநிலைகளைச் சொல்லும் நூல்களோ, சிறு, நடுத்தர நிறுவனமாகக் கருதப்படுவதற்கு 2006-ஆம் ஆண்டு விதிகள் வைத்த 50 கோடி ரூபாய் விற்றுமுதல் வரம்பையே பிடித்துக்கொண்டிருந்தன. 2021 ஜூன் மாதம் வந்த புதிய விதிகள் அதை 250 கோடியாகவும், கடன் வரம்பை 10 கோடியிலிருந்து 50 கோடியாகவும் உயர்த்திவிட்டன. இணையத்தில் தாங்களே தேடிப் படித்த கெட்டிக்கார மாணவர்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கு எளிதில் கிடைத்தது பன்னாட்டுத் தரநிலை. முதலீட்டுச் சொத்தை (வாடகைக்கோ விலையேற்றத்துக்கோ வைத்திருக்கும் நிலம், கட்டடம்) நியாய மதிப்பில், அதாவது இன்றைய சந்தை மதிப்பில், காட்டலாம் என்று பன்னாட்டு 40-ஆம் எண் தரும் தெரிவு, நம் 40-ஆம் எண்ணில் கிடையாது. இங்கே அடக்கவிலை முறை மட்டுமே உண்டு, நியாய மதிப்பைக் குறிப்பில் தெரிவித்தால் போதும். தேடிப் படித்த குற்றத்துக்காக மதிப்பெண் இழந்த மாணவனிடம் என்ன சமாதானம் சொல்வது?

அரசிதழிலிருந்து மூல அறிவிக்கையை எடுப்பது எளிது: 2015 பிப்ரவரி 16 தேதியிட்ட ஜி.எஸ்.ஆர். 111(இ) என்ற அறிவிக்கை எண் தெரிந்தால் போதும். தலைவலி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. திருத்த அறிவிக்கைகள் தரநிலை முழுவதையும் மறுபடி அச்சிடுவதில்லை; இந்தப் பத்தியில் இந்தச் சொற்களுக்குப் பதிலாக இந்தச் சொற்கள் என்ற அளவிலேயே அவை நின்றுவிடும். 2015-இன் மூலத்தை மட்டும் எடுத்து மாணவர் கையில் கொடுப்பது, கொடுக்காமல் இருப்பதைவிட ஆபத்து. ஆகவே திரையில் படிப்பதற்கு, இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் தன் இணையதளத்தில் வெளியிடும் திருத்தங்கள் சேர்ந்த தொகுப்பை எடுத்துக்கொண்டோம். அதற்கு உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை; அந்நிறுவனம் தன் மாணவர்களுக்காகத் தயாரிக்கும் பாடப்பொருளையும் யாரும் இறக்கிக்கொள்ளலாம். பணம் கொடுத்து வாங்கும் பல நூல்களைவிட அந்தப் பாடப்பொருளின் கணக்குகள் தரமானவை என்பது என் கருத்து.

அடுத்த முட்டுக்கட்டை ஒளிநகல். வகுப்பில் அலைபேசித் திரையை உருட்டிக்கொண்டு 116-ஆம் எண்ணின் குத்தகை வரையறையை விவாதிக்க முடியாது; தாள் வேண்டும். பதிப்புரிமைச் சிக்கல் வரும் என்று நூலகர் மறுத்தார். நான் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(q) உட்பிரிவை அச்சிட்டு எடுத்துச் சென்றேன். அரசிதழில் வெளியான எதையும், சட்டமன்றங்கள் இயற்றிய சட்டங்கள் நீங்கலாக, மறுபதிப்புச் செய்வது உரிமை மீறல் ஆகாது என்று அது தெளிவாகவே சொல்கிறது. தரநிலைகள் விதிகளாக அரசிதழில் வந்தவை என்பதால் அந்த விதிவிலக்கு இவற்றுக்கு நேராகப் பொருந்தும். ஆசிரியர் பாடம் நடத்தும் போக்கில் நகலெடுப்பதற்கு 52(1)(i) தனியாக இருக்கிறது. 2016-இல் டில்லி உயர் நீதிமன்றம் டில்லிப் பல்கலைக்கழக ஒளிநகல் வழக்கில் நகலெடுப்பதற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது அந்த உட்பிரிவை வைத்துத்தான். நூலகர் இரண்டையும் படித்துப் பார்த்துவிட்டு, எழுத்து மூலம் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். ஒப்புதல் குறிப்பில் அவர் உட்பிரிவின் எண்ணைத் தவறில்லாமல் எழுதியிருந்ததைப் பார்த்தபோது, இந்த விவகாரத்தில் எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி அதுதான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. இந்த விதிவிலக்கு அரசிதழில் வந்த பகுதிக்குத்தான். பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் விளக்க நூல்களையும் கல்விப் பொருள்களையும் அதே துணிச்சலில் கட்டுக்கட்டாக நகலெடுத்துவிடக் கூடாது. நகலெடுப்பதற்கு அரசிதழ்ப் பக்கங்களையும் திருத்தங்களையும் வரிசையாகச் சேர்த்து நாங்களே ஒரு கோப்பு கட்டினோம். எல்லாத் தரநிலைகளுக்கும் அப்படிச் செய்யாமல், பாடத்திட்டத்தில் உள்ளவற்றோடு நிறுத்திக்கொண்டது வேலையைப் பாதியாகக் குறைத்தது. ஒவ்வொரு தரநிலையின் கடைசியிலும் பன்னாட்டுத் தரநிலையிலிருந்து எங்கெங்கே விலகியிருக்கிறது என்று சொல்லும் ஓர் இணைப்பு இருக்கும். அது தரநிலையின் பகுதி அல்ல என்று அங்கேயே அறிவித்திருப்பதால் பலர் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. மாணவருக்கு முதலில் காட்ட வேண்டிய பக்கம் அதுவே என்பேன்.

ஆசிரியர்களுக்கான தேவை முழுதாகத் தீரவில்லை. ஒரு விதி ஏன் இப்படி அமைந்தது என்ற வாதங்கள் அடங்கிய பகுதி பன்னாட்டுத் தரநிலைகளை வகுக்கும் வாரியத்தின் வெளியீடுகளில்தான் இருக்கிறது. நம் அறிவிக்கைகளில் அது இல்லை. அந்த வாரியத்தை நடத்தும் ஐ.எஃப்.ஆர்.எஸ். அறக்கட்டளையின் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்தோம், தரநிலைகள் கிடைத்தன, வாதங்கள் கட்டணச் சந்தாவுக்குள் இருந்தன. அந்தச் சந்தாவுக்கும் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். உலகத்தில் ஒரே ஒரு வெளியீட்டாளர் விற்கும் பொருளுக்கும் அலுவலகம் மூன்று விலைப்புள்ளிகளையே கேட்கிறது. தனியுரிமை வெளியீட்டாளர் என்ற சான்றை அந்த அமைப்பிடமிருந்தே பெற்று இணைத்தால் ஒற்றை விலைப்புள்ளி போதும் என்று வேறொரு கல்லூரி நண்பர் சொன்னதன்பேரில் அதற்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

இதே வேலையில் இறங்குபவர்கள், திருத்தங்கள் மார்ச் இறுதியில்தான் வரும் என்று நம்பிக் கல்வியாண்டின் தொடக்கத்தோடு கோப்பை மூடிவிட வேண்டாம். 2020-இல் ஜூலையிலும் 2021-இல் ஜூனிலும் வந்தன. காப்பீட்டு ஒப்பந்தங்களுக்கான 117-ஆம் எண் 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே வந்த இன்னொரு திருத்தம், காப்பீட்டு நிறுவனங்கள் பழைய 104-ஆம் எண்ணைத் தற்காலிகமாகத் தொடரலாம் என்றது. ஆகஸ்ட் அறிவிக்கையை மட்டும் நகலெடுத்துக் கோப்பில் வைத்திருந்தவர்கள் செப்டம்பர் அறிவிக்கையையும் அதன் பின்னால் சேர்த்துவிடுங்கள்.