வீல்சேருக்குத் தனியாக ஐநூறு: காரைக்குடியில் நாங்கள் இரண்டு பேர்

ஊர் திரும்பி இரண்டு நாளாகிவிட்டது, அந்த ஐநூறு ரூபாய் இன்னும் மனதில் உறுத்துகிறது. அதையே முதலில் எழுதிவிடுகிறேன்.

காரைக்குடியைச் சுற்றியுள்ள கானாடுகாத்தான், ஆத்தங்குடி, குன்றக்குடி மூன்றுக்கும் சேர்த்து ஒரு நாள் வண்டிக்கு 2,200 ரூபாய் என்று போனில் பேசினோம். வீல்சேர் இருக்கிறது என்று அப்போதே சொன்னேன். காலையில் அதை டிக்கியில் வைத்ததும் டிரைவர், "இதுக்குத் தனியா ஐநூறு ஆகும்மா" என்றார். லக்கேஜாம்! பெட்டி பெட்டியாக வரும் குடும்பத்திடம் இப்படிக் கேட்பாரா? அது என் காதலனுக்குக் கால், மூட்டை இல்லை. வேறு வண்டி தேடினால் அரை நாள் போய்விடும் என்று கொடுத்துத் தொலைத்தோம். பல்லவன் எக்ஸ்பிரஸில் அவனுக்கும் துணைக்குப் போகிற எனக்கும் 75 சதவீதம் சலுகை கிடைத்ததே, அந்த மிச்சமெல்லாம் இப்படிக் கரைந்தது.

எங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மூன்று வருடக் காதல். விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்ட பிறகுதான் அவனை எனக்குத் தெரியும். "அண்ணனா?", "நீங்க நர்ஸாம்மா?" என்று வழியெல்லாம் கேட்டார்கள். ஜோடியாக வந்திருப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. லாட்ஜில் அவன் எதிரே இருக்கும்போதே, "சாருக்கு ஆதார் இருக்கா?" என்று என்னிடம் கேட்டார்கள். தரைத்தள அறைதான், ஆனால் பாத்ரூம் கதவில் வீல்சேர் நுழையவில்லை. போனில் கதவின் அகலத்தை இஞ்ச் கணக்கில் கேட்டுவிடுங்கள், 'வசதி இருக்கு' என்ற பதிலை நம்பாதீர்கள்.

கானாடுகாத்தானில் செட்டியார் வீடுகள் உயரமான மேடை மேல் நிற்கின்றன. நாங்கள் போன வீட்டின் காவலாளி, "அவர் நிழல்ல இருக்கட்டும், நீங்க பாத்துட்டு வாங்கம்மா" என்றார். முடியாது என்றேன். தெருவில் போன இரண்டு பையன்கள் கை கொடுத்தார்கள். "சக்கரத்தைப் பிடிக்காதீங்க தம்பி, ஃபிரேமைப் பிடிங்க" என்று அவனே சொல்லிக்கொடுத்து மேலே போனான்.

உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. முகப்பு, வளவு என்கிற முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரே நேர்கோடு, தலைவாசலில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் தெரிகிறது. நிலைப்படி வரும் இடத்தில் மட்டும் முன்சக்கரத்தைத் தூக்கி ஏறிக்கொண்டு, மற்றபடி வழவழத்த தரையில் யாரும் தள்ளாமல் அவனே போனான். நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. பர்மாத் தேக்குத் தூண் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தான். படியில் ஒரு சாய்வுப்பலகை போட்டால் போதுமே! அதற்கு என்ன செலவாகிவிடும்?

ஆத்தங்குடியில் கல் (தரையில் பதிக்கும் டைல்ஸ்) போடும் பட்டறை தரையோடு தரையாக இருந்தது, நேரே உள்ளே போய்விட்டோம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கரண்டியால் வண்ணச் சாந்தை ஊற்றுகிறார்கள். அதன் மேல் மணலும் சிமென்டும். அந்தக் கண்ணாடிதான் கல்லுக்குப் பளபளப்பைக் கொடுக்கிறது. கல் போடுகிறவர் கரண்டியை அவனிடம் நீட்டினார். சிவப்பு கொஞ்சம் பச்சைக்குள் வழிந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே அதையும் காய வைத்தார்.

குன்றக்குடியில் மலைப்படிகளை அண்ணாந்து பார்த்து, அடிவாரத்திலேயே கும்பிட்டுக்கொண்டோம்.

அப்புறம் ராத்திரி டிபன். காரைக்குடியில் ஒரு சின்ன மெஸ், ஒரே ஒரு படி. நாங்கள் கேட்பதற்கு முன்பே ஆச்சி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு இடம் ஒதுக்கினார். "தம்பி, காரம் தாங்குவீகளா?" என்று நேராக அவனிடமே கேட்டார். இந்தப் பயணத்தில் அவனைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது. வெள்ளைப் பணியாரம், ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சு மாதிரி. வரமிளகாய் போட்டு அரைத்த சட்னி கண்ணில் நீர் வரவைத்தது. ஆளுக்கு ஆறு சாப்பிட்டோம். கடைசியில் தேங்காய்ப்பூ தூவிய கவுனி அரிசி (கறுப்பரிசி இனிப்பு), காசில்லாமல்.

இரண்டு பேருக்கும் 240 ரூபாய். சில்லறை கொடுக்கும்போது ஆச்சி எங்களை மாறி மாறிப் பார்த்து, "கல்யாணம் எப்போ?" என்றார்.

"தையில, ஆச்சி" என்றான். என்னிடம்கூட அவன் அதுவரை மாதம் சொன்னதில்லை.