பூவுக்கு மதிப்பெண் போடும் படிப்பு

மலர்க் கண்காட்சிக்கு நடுவர்களைத் தயார் செய்யும் ஃபிளவர் ஷோ ஸ்கூலின் கடைசி கோர்ஸைப் போன வசந்தத்தில் முடித்தேன். அட்லாண்டாவின் வடக்குப் புறநகர்களில் நம் ஊர்ப் பெண்கள் எத்தனையோ பேர் பால்கனியிலும் பின்கட்டிலும் மல்லிகை, கனகாம்பரம், கறிவேப்பிலை என்று உயிரைக் கொடுத்து வளர்க்கிறார்கள். பக்கத்துத் தெரு கார்டன் கிளப் வழியாக இப்படி ஒரு படிப்புக்குப் போக முடியும் என்பது மட்டும் பலருக்குத் தெரியவில்லை. அவர்களுக்காகத்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

முதலில் யார் நடத்துகிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கார்டன் கிளப் இயக்கம் தொடங்கியதே ஜார்ஜியாவில்தான். 1891-இல் ஏதென்ஸ் நகரத்தில் 12 பெண்கள் கூடி ஆரம்பித்தார்கள். ஜார்ஜியா பல்கலைக்கழக வளாகத்தில் அவர்கள் நினைவாக ஒரு தோட்டம் இருக்கிறது. இந்தப் பக்கம் வசிப்பவர்கள் கட்டாயம் போய்ப் பாருங்கள். பிறகு பல மாநிலங்களின் கிளப்புகள் சேர்ந்து 1929-இல் தேசிய அமைப்பாயின. இப்போது அதன் பெயர் நேஷனல் கார்டன் கிளப்ஸ். தலைமையகம் செயின்ட் லூயிஸில். அந்த அமைப்புக்கு நான்கு பள்ளிகள்: மலர்க் கண்காட்சி, தோட்டக்கலை, நில வடிவமைப்பு, சுற்றுச்சூழல். பள்ளி என்றதும் கட்டடத்தைத் தேடாதீர்கள். மாநில அமைப்பு ஏதாவதொரு அரங்கைப் பிடித்து வகுப்பு வைத்து, முடிவில் தேர்வும் வைக்கும். ஒவ்வொரு பள்ளிக்கும் நான்கு கோர்ஸ்.

நான் சேர்ந்த மலர்க் கண்காட்சிப் பள்ளியில் ஒவ்வொரு கோர்ஸிலும் மூன்று பாடங்கள் உண்டு. மலர் வடிவமைப்பு, தோட்டக்கலை, கண்காட்சி நடைமுறை. நோக்கம் ஒன்றுதான்: கண்காட்சிக்கு நடுவர்களைத் தயார் செய்வது. நடுவராகும் எண்ணம் இல்லாதவர்களும் படிக்கலாம், படிக்கவும் செய்கிறார்கள்.

"பூக்கட்டத் தெரிஞ்சவளுக்கு எதுக்குடி பரீட்சை?" என்று அம்மா போனில் கேட்டாள். பூக்கட்டத் தெரிந்தது உண்மையிலேயே உதவியது. காம்பைப் பிடிக்கும் விதமும், எந்த மொட்டு சாயங்காலம் விரியும் என்ற கணக்கும் விரலிலேயே இருந்தன. ஆனால் வகுப்பில் கேட்டது வேறு விஷயம். இந்தப் பூ நன்றாக இருக்கிறது என்று சொன்னால் போதாது, ஏன் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நான்கு கோர்ஸும் இதற்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தோட்டக்கலைப் பாடத்தில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. ஒரே ஒரு கிளை, ஒரு பாட்டில், தண்ணீர். அவ்வளவுதான் காட்சிப்பொருள். ஆனால் அந்தக் கிளையை எப்போது வெட்டுவது? வெயில் ஏறுவதற்கு முன்னால், அல்லது இறங்கிய பிறகு. வெட்டியதும் உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, தண்ணீருக்குள் அமிழும் இலைகளை எல்லாம் எடுத்துவிட்டு, குளிர்ந்த இருட்டான இடத்தில் சில மணி நேரம் விட வேண்டும். ஹைட்ரேஞ்சியா வாடினால் பூங்கொத்தையே தண்ணீரில் முக்கலாம், அது இதழ் வழியாகவும் நீரை இழுத்துக்கொள்ளும். பால் வடியும் செடிகளுக்கு வெட்டுவாயைச் சூடு காட்டி அடைக்க வேண்டும். கடைசியாகச் சுத்தம்: தூசி, சிலந்தி வலை, மருந்துக் கறை எதுவும் இருக்கக் கூடாது. பூச்சி கடித்த இலையைக் கிள்ளி எடுக்கலாம். ஆனால் கிள்ளிய இடத்தில் முண்டு தெரிந்தால் அதற்கும் மதிப்பெண் குறையும்!

அடுத்தது பெயர். காட்சி அட்டையில் செடியின் தாவரவியல் பெயரை எழுத வேண்டும், ரகம் தெரிந்தால் அதையும். என் தொட்டியில் இருக்கும் மல்லிகைக்கு ஜாஸ்மினம் சம்பக் என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால், எந்த ரகம் என்று கேட்டார்கள். இங்கே நர்சரிகளில் ஒற்றை அடுக்காக மலர்வதை மெய்ட் ஆஃப் ஆர்லியன்ஸ் என்றும், இதழ்கள் நெருங்கி அடுக்கடுக்காக மலர்வதை கிராண்ட் டியூக் ஆஃப் டஸ்கனி என்றும் விற்கிறார்கள். என்னுடையது இரண்டாவது. நம் சம்பங்கியைப் பழைய புத்தகங்களில் பாலியாந்தஸ் டியூபரோசா என்று படித்திருப்போம். இப்போது அதைக் கற்றாழை மாதிரி இலையுள்ள அகேவ் பேரினத்தில் சேர்த்து, அகேவ் அமிகா என்று மாற்றிவிட்டார்கள். இதையெல்லாம் தேடித் தேடிப் படித்த ராத்திரிகள் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தன.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜார்ஜியாவின் செம்மண் களி கொஞ்சம் புளிப்புத் தன்மை கொண்டது. அப்படிப்பட்ட மண்ணில் அலுமினியம் செடிக்குச் சுலபமாகக் கிடைக்கும், அதனால்தான் இங்கே பல வீடுகளில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்கிறது. சுண்ணாம்பு போட்டால் ரோஸ் நிறத்துக்குத் திரும்பும். கவுண்டியின் வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் மண்ணைக் கொடுத்தால் பல்கலைக்கழக ஆய்வகத்தில் சோதித்துச் சொல்வார்கள். உரம் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்.

வடிவமைப்புப் பாடத்தில் எட்டு அம்சங்கள், ஆறு விதிகள். ஒளி, வெளி, கோடு, உருவம், அளவு, நிறம், இழையமைப்பு, பாங்கு. இவற்றை வைத்து சமநிலை, முரண், மேலோங்கல், விகிதம், லயம், ஒப்பளவு. எழுதிப் பார்த்தால் பள்ளிக்கூடப் பாடம் மாதிரிதான் தெரியும். ஆனால் ஆசிரியர் ஒரு அஸ்பிடிஸ்ட்ரா இலையைச் சுருட்டி, மடித்து, ஒரு ஓரத்தில் நிறுத்திவிட்டு, "இப்போது உங்கள் கண் எங்கே போகிறது?" என்று கேட்டபோதுதான் ஒவ்வொன்றும் புரிய ஆரம்பித்தது. எனக்கு உறைக்க நாளானது வெளிதான். நெருக்கிக் கட்டிய சரத்தையும் இடைவெளி தெரியாத மாலையையும் பார்த்தே வளர்ந்த கண் இது. காலி இடத்தைக் கண்டால் கை தானாக ஒரு பூவைத் தேடும். கோலத்தில் கோடு போகாத இடமும் கோலம்தானே என்று ஒருநாள் தோன்றியது, அப்புறம் கை நின்றது. வெளியை வெட்டிச் செல்லும் இணைகோட்டு வடிவமைப்பு, பூவைத் தண்ணீருக்குள் மூழ்கவைத்துச் செய்யும் வடிவமைப்பு இரண்டும் இப்போது எனக்கு மிகவும் பிரியமானவை. காம்பைக் குத்தி நிறுத்தும் பச்சை ஃபோம் வேண்டாம் என்பது என் கருத்து, அது நொறுங்கிப் பிளாஸ்டிக் தூளாகத்தான் போகும். ஊசிகள் நிமிர்ந்து நிற்கும் கென்சான் தட்டை ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் வரும்.

நடைமுறைப் பாடத்தைச் சிலர் அலுப்பு என்பார்கள். ஷெட்யூல் என்று ஒரு விதிப் புத்தகம் அச்சிடுவார்கள், கண்காட்சிக்கு அதுதான் சட்டம். எந்தப் பிரிவில் எத்தனை பூ, எவ்வளவு இடம், எந்த நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும் என எல்லாம் அதில் இருக்கும். வடிவமைப்பில் செயற்கைப் பூவுக்கும் இலைக்கும் இடமே இல்லை. ஒரு கேமலியா கேட்ட இடத்தில் இரண்டு வைத்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் பலனில்லை. எனக்கு இது நியாயமாகவே பட்டது, எல்லாரும் ஒரே கேள்விக்குப் பதில் சொன்னால்தானே ஒப்பிட முடியும்?

சரி, தேர்வு. மேசையில் காட்சிப்பொருள்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 100-க்கு மதிப்பெண் போட்டு, எங்கே எத்தனை குறைத்தோம், ஏன் குறைத்தோம் என்று எழுத வேண்டும். 90-ம் அதற்கு மேலும் என்றால் நீல ரிப்பன், 85 முதல் சிவப்பு, 80 முதல் மஞ்சள், 75 முதல் பாராட்டு. ஒரு பிரிவில் நீலம் ஒன்றுதான். யாருமே 90-ஐத் தொடவில்லை என்றால் நீலமே கிடையாது. காட்சி வைத்தவரின் பெயர் நடுவருக்குத் தெரியாதபடி அட்டையை மறைத்திருப்பார்கள்.

மதிப்பெண் போடுவதை விட எனக்குக் கஷ்டமாக இருந்தது குறிப்பு எழுதுவது. முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். பிறகு குறை, அதோடு சேர்த்து அதைச் சரிசெய்யும் வழி. எல்லாம் ஒன்றிரண்டு வரிக்குள், அதுவும் ஆங்கிலத்தில், படிப்பவர் மனம் நோகாமல். 'வலப்பக்கம் கனம் அதிகம்' என்று மட்டும் எழுதினால் தப்பு. 'கோட்டின் வீச்சு அருமை; வலப்பக்கத்து இலை ஒன்றை எடுத்தால் சமநிலை இன்னும் உறுதியாகும்' என்று எழுதப் பழக வேண்டும். வீட்டில் ஜாடியில் வைத்த பூவுக்கும், கடை வாசலில் இருக்கும் தொட்டிகளுக்கும், சூப்பர் மார்க்கெட் பூங்கொத்துக்கும் மனசுக்குள்ளேயே குறிப்பு எழுதிப் பழகினேன். என் மகள் பள்ளிக்கு வரைந்த படத்துக்கு அதே முறையில் ஒரு குறிப்பு சொன்னேன். அவள் உடனே உட்கார்ந்து படத்தைத் திருத்தினாள். இப்படிச் சொல்லும் பழக்கம் நம் வீடுகளுக்கும் வகுப்பறைகளுக்கும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நான்கு கோர்ஸ் முடித்ததும் நடுவர் ஆகிவிட முடியாது. தேசிய அமைப்பின் கண்காட்சிக் கையேட்டின் மேல் தனித் தேர்வு இருக்கிறது. தோட்டக்கலை, வடிவமைப்பு இரண்டிலும் நாமே காட்சிக்கு வைத்து நீல ரிப்பன் வாங்க வேண்டும். அனுபவமுள்ள நடுவர்களோடு மாணவ நடுவராகச் சுற்றி வர வேண்டும். நான் இப்போது இந்தக் கட்டத்தில் இருக்கிறேன். தோட்டத்தில் கேமலியா மொட்டுகளைக் குறைத்து, மிச்சத்தைக் கண்காட்சிக்காக வளர்த்துக்கொண்டிருக்கிறேன்.

சேர நினைப்பவர்களுக்கு: முதலில் பக்கத்து கார்டன் கிளப்பின் கூட்டத்துக்கு விருந்தாளியாகப் போங்கள், நம்மைக் கண்டால் வயதான அம்மாக்கள் அவ்வளவு பிரியமாக உட்காரவைத்துச் சொல்லித்தருவார்கள். கோர்ஸ் தேதிகளை மாநில அமைப்பிடம் கேட்டு வாங்குங்கள். கையேட்டை வகுப்புக்கு முன்பே படித்துவிட்டுப் போங்கள். அங்கே போய்த் திறந்தால் வேகம் பிடிபடாது. போட்டி, ரிப்பன் எல்லாம் வேண்டாம், மண்ணும் செடியும் போதும் என்பவர்கள் தோட்டக்கலைப் பள்ளியில் சேருங்கள். அங்கே தாவரவியல், மண், செடிப் பெருக்கம் எல்லாம் சொல்லித்தருகிறார்கள், நான்கு கோர்ஸையும் தேர்ச்சியோடு முடித்தால் கார்டனிங் கன்சல்டன்ட் என்ற தகுதியும் கிடைக்கும்.