எதில் மூன்றில் இரண்டு?

கலிபோர்னியாவுக்கு நாங்கள் வந்து சேர்ந்தது ஓர் ஆகஸ்ட் மாதம். மகளுக்கு நேராக ஆறாம் வகுப்பு. இங்கே பல ஊர்களில் அதுதான் மிடில் ஸ்கூலின் முதல் வருடம். மணி அடித்தால் ஆசிரியர் அறைக்கு வருவதில்லை. பிள்ளைகள்தான் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓட வேண்டும். முதல் வாரம் அவளுடைய கவலை பாடம் இல்லை, லாக்கர். எண் பூட்டை வலப்பக்கம் சுற்றி, இடப்பக்கம் ஒரு முழுச் சுற்று தாண்டி, மறுபடி வலப்பக்கம். அதே மாதிரி ஒரு பூட்டை வாங்கி வந்து இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் பழகினோம். அவள் மூன்றாம் நாள் தேறிவிட்டாள். எனக்கு இன்னும் வரவில்லை.

பாடத்தைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்கு வேறு கொடுத்திருந்தேன்.

முதலில் போட்மாஸில் இடறினேன், ஒரு கணக்கில் பெருக்கல், வகுத்தல், கூட்டல் எல்லாம் வந்தால் எதை முதலில் செய்வது என்ற விதி. அவளுக்கு இங்கே சொல்லிக்கொடுத்தது பெம்டாஸ். நம்முடையதில் வகுத்தல் முன்னால் நிற்கிறது, அவர்களுடையதில் பெருக்கல். எது சரி என்று அரைமணி நேரம் வாதாடினேன். கடைசியில் அவள் நோட்டைத் திறந்து காட்டினாள்: இரண்டுக்கும் சம உரிமை, இடமிருந்து வலமாகப் போகும்போது எது முதலில் வருகிறதோ அதை முதலில் செய். வகுத்தலுக்குத்தான் முன்னுரிமை என்று இத்தனை வருடம் நம்பியிருக்கிறேன்.

பின்னத்தை பின்னத்தால் வகுப்பதில் மானம் முழுதாகப் போயிற்று. ஒரு பாத்திரம் நிரம்ப முக்கால் லிட்டர் வேண்டும், கையில் இருப்பது அரை லிட்டர், எத்தனை பாத்திரம் நிரம்பும்? தலைகீழாக்கிப் பெருக்கு. ஐந்து வினாடியில் சொன்னேன்: மூன்றில் இரண்டு.

"எதில் மூன்றில் இரண்டு?"

"லிட்டரில்தான்."

"அப்பா, நம்மகிட்ட இருக்கிறதே அரை லிட்டர். மூன்றில் இரண்டு லிட்டர் அதைவிட அதிகமாச்சே?"

அவளுக்கு விடை போதாது. படம் போட வேண்டும், அந்த மூன்றில் இரண்டு என்பது பாத்திரத்தில்தான் என்று காட்ட வேண்டும், மதிப்பெண் அதற்கும் சேர்த்துத்தான். கட்டம் கட்டமாக வரைந்து தடுமாறியபோது ஒன்று தோன்றியது. ஆங்கிலத்தை விடு, தமிழில் சொல்லிப் பார். அரை என்றால் இரண்டு கால். முக்கால் என்றால் மூன்று கால். மூன்று காலில் இரண்டு கால் எவ்வளவு? அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். போட வேண்டிய படம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்திருக்கிறது. இத்தனை நாள் முக்கால் என்று வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விகிதம், குறை எண்கள், இடைநிலை அளவு எல்லாம் பிறகு சுமாராகப் போயின.

எல்லாப் பாடத்திலும் இதே தொல்லைதான், விடை மட்டும் போதாது என்பது மெல்லத்தான் புரிந்தது. ஆங்கிலக் கட்டுரையில் ஒரு கருத்தைச் சொன்னால் அதன் கீழே படித்த பகுதியிலிருந்து ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் கருத்தை எப்படித் தாங்குகிறது என்று இன்னொரு வரி வேண்டும். அறிவியலில் செல், வானிலை, வெப்பம். பனிக்கட்டி சீக்கிரம் உருகாத ஒரு பெட்டியைச் செய்யச் சொன்னார்கள். எந்தப் பெட்டி ஜெயித்தது என்பதைவிட ஏன் ஜெயித்தது என்பதற்குத்தான் ஒரு பக்கம் எழுத வேண்டியிருந்தது. (வீட்டில் ஹீட்டர் ஃபாரன்ஹீட், பள்ளியில் செல்சியஸ். நீர் 32-ல் உறையும் என்பதற்கு எனக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது.)

ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் இங்கே முழுக்கப் பண்டைய நாகரிகங்கள்: மெசபடோமியா, எகிப்து, இந்தியா, சீனா, கிரேக்கம், ரோம். ஹமுராபியின் சட்டத்தை நான் ஒரு மார்க் கேள்வியாகத்தான் படித்தேன்: கண்ணுக்குக் கண். இவள் சட்டங்களையே நாலைந்து வாசித்து, கண்ணுக்குக் கண் என்பது சமமானவர்களுக்குள் மட்டும்தான், அடிமையின் கண் போனால் காசு கொடுத்தால் போதும் என்று கண்டுபிடித்து எழுதியிருந்தாள். இந்தியப் பகுதியில் ஹரப்பாவின் வடிகால், புத்தர், அசோகர். சங்க காலம் எங்கே என்று நான் பக்கம் பக்கமாகத் தேடியதைச் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கோ சிந்து எழுத்தை இன்னும் யாரும் படிக்கவில்லை என்பதுதான் பிடித்திருந்தது. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அந்தக் குறியீடுகளைத் தொகுத்து 1977-லேயே வெளியிட்டார் என்று சொன்னேன். "அப்படியும் தெரியலையா?" என்றாள், ரொம்ப சந்தோஷமாக.

நவம்பரில் ஆசிரியரைப் பார்க்கப் போனோம். எல்லாம் நன்றாகத்தான் சொன்னார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் வகுப்பில் எத்தனையாவது என்று கேட்டுவிட்டேன். அப்படி ஒரு வரிசை இல்லை, மற்ற பிள்ளைகளின் மதிப்பெண்ணைச் சொல்லச் சட்டமும் இடம் தராது என்றார். மனைவி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

அன்று இரவு அம்மா போனில் அதையேதான் பேத்தியிடம் கேட்டாள். "ரேங்க் கிடையாது பாட்டி" என்றாள் இவள்.

"அப்போ நீ நல்லாப் படிக்கிறேன்னு எப்படித் தெரியும்?"

மகள் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்பா, பாட்டி ஆதாரம் கேக்கறாங்க."