கச்சத்தீவில் ஓர் இரவு

அந்தோணியார் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்து இரண்டு நாளாகிறது. மனசு இன்னும் கச்சத்தீவு மணலிலேயே கிடக்கிறது. 285 ஏக்கர், குடிதண்ணீர் கிடையாது, குடியிருப்பும் கிடையாது. 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போன தீவு. திருவிழா இரவில் மட்டும் ராமேஸ்வரத்துக் குரலும் இலங்கை நெடுந்தீவுக் குரலும் ஒன்றாக செபமாலை சொல்லும்.

பக்கத்தில் பாய் விரித்திருந்த யாழ்ப்பாணத்து அக்கா பனையோலையில் முடைந்த ஒரு குட்டானைப் பிரித்துப் பனங்கட்டி கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி, உங்கட இழுவைப் படகு வந்தா எங்கட வலை மிஞ்சாது" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. கிழிந்த வலையைப் பொத்திப் பொத்திக் காய்த்துப்போன விரல்களைக் காட்டினார். எனக்குப் பதில் வரவில்லை.

இழுவைப் படகு இழுத்துப்போகும் வலையான இழுவைமடி கடலடியையே வழித்துக்கொண்டு வரும், குஞ்சு குருமான்கூடத் தப்பாது. இலங்கை 2017-இல் அதைத் தடை செய்துவிட்டது. நம் கரையில் இன்னும் ஓடுகிறது. எல்லை தாண்டினார்கள் என்று பிடிபட்டு நம்ம ஆட்கள் இலங்கைச் சிறையில் கிடப்பதும் வலிக்கிறது, அந்த அக்காவின் விரலும் வலிக்கிறது.

இதே கடலைத் தாண்டித்தான் எங்க தாத்தா 1964 புயலுக்கு முன்னால் தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் ரயில் பிடித்துக் கொழும்பு போய் வந்தவர்.

பனங்கட்டியில் பாதியை அம்மாவுக்குக் கொண்டு வந்தேன். காப்பியில் போட்டுக் குடித்துவிட்டு, "அடுத்த வருஷம் நானும் வர்றேன்டா" என்கிறார்.