குஞ்சுக்குக் காவல்

குளத்து நடுவில் ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் கொதிப்பது மாதிரி இருந்தது. இன்று காலை, களியக்காவிளைப் பக்கம் ஒரு தாமரைக்குளம்.

விரால் குஞ்சுகள். செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கில், ஒரே பந்தாகத் திரண்டு, மூச்சு வாங்க மேலே வந்து மறுபடி மூழ்குகின்றன. அடியில் பெற்ற மீன் காவல்.

எல்லை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் இது வரால், குஞ்சுக்கூட்டம் பார்ப்பு.

கூட வந்த தம்பி அதற்குள் தூண்டிலில் ரப்பர் தவளையைக் கட்டிவிட்டான். இரண்டு கொக்கியும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும், தாமரை இலையில் சிக்காது. பந்தின் மேலே போட்டு இழுத்தால் போதும், பெரியது பாய்ந்து அடிக்கும். பசியால் இல்லை, குஞ்சைக் காக்க.

"வேண்டாம் மக்கா, அந்தப் பக்கம் போடு."

முகம் வாடியது. ஆனாலும் சுருட்டிவிட்டான்.

அமெரிக்காவில் பாஸ் மீனும் இப்படித்தான். ஆண் மீன் கூட்டைக் காக்கும். அதைத் தூக்கினால் மற்ற மீன்கள் முட்டையைத் தின்றுவிடும். பாஸ் போட்டிகளை நடத்திய ரே ஸ்காட், பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடும் வழக்கத்தை 1972லேயே கொண்டுவந்தார். எனக்கு அந்த வழக்கம் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் காவல் மீன் போட்டியில் எடை போடும் மேடைக்குப் போய்த் திரும்புவதற்குள் கூடு காலியாகிவிடுமே! ஒலி அலையால் தண்ணீருக்குள் தேடும் சோனார் கருவியின் திரையில் மீனைக் காட்டும் படகுகள் வந்த பிறகு இந்தக் கவலை எனக்குக் கூடியிருக்கிறது.

நாங்கள் கிளம்பும்போது பந்து கரையோரம் வந்திருந்தது. தம்பி குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான்.