ஈரப்பதமானியின் முன்னால் ஒரு விவசாயி

வேளாண்மையில் நல்லாட்சி இருக்கிறதா என்று பார்க்க, நெல் கொள்முதல் களத்துக்குப் போனால் போதும். நெல் கொள்முதல் வேலையிலேயே இருக்கும் எங்கள் அனுபவம் இது.

கொள்முதல் விலையை விதைப்புக்கு முன்பே அறிவிக்க வேண்டும். அறுவடையின்போது அறிவித்தால், எதைப் பயிரிடுவது என்று முடிவெடுக்க அது உதவாது. அடுத்தது, களத்தில் நெல் விற்பதற்கான விவசாயி பதிவு. நில உரிமைப் பத்திரம் மட்டும் கேட்டால் குத்தகை விவசாயி வெளியே நிற்பார். அவருடைய நெல்லை அடிமாட்டு விலைக்கு வாங்கும் வியாபாரி, நில உரிமையாளர் பெயரில் அதே களத்தில் விற்றுவிடுவார். யார் சாகுபடி செய்கிறார் என்ற பதிவே இங்கு தேவை.

தகராறு பெரும்பாலும் ஈரப்பதத்தில்தான். அறுத்த நெல்லில் 20 முதல் 25 சதவீதம் வரை ஈரம் இருக்கும். மாதக்கணக்கில் சேமிக்க 14-க்குள் வர வேண்டும். ஒரு மூட்டையின் வாயில் கைப்பிடி அள்ளி அளப்பது அநியாயம். பல மூட்டைகளில் மேல், நடு, அடி என்று குத்தூசியால் எடுத்துக் கலந்து, மூன்று முறை அளந்து சராசரி காண வேண்டும். வெயில் சூட்டோடு இருக்கும் நெல்லும் பனியில் நனைந்த நெல்லும் ஈரப்பதமானியை ஏமாற்றும். நிழலில் ஆறிய பிறகே அளக்க வேண்டும். மானி வேறு தானியத்துக்கான அமைப்பில் இருந்தாலும் அளவு தப்பும்.

ஈரத்துக்காக எடையில் பிடிக்கும் கழிவுக் கணக்கிலும் கவனம் வேண்டும். 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல் 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் மிஞ்சுவது 94 கிலோ அல்ல, 93 கிலோ. காய்ந்த நெல்லில் உலர்பொருள் 86 சதவீதம் என்பதால், உலர்பொருளான 80 கிலோவை 0.86-ஆல் வகுத்தால் இது வரும். ஆக, நியாயமான கழிவு 7 கிலோ. 10 கிலோ பிடித்தால் அது பகல்கொள்ளை. ஒவ்வொரு ஈர அளவுக்கும் உரிய கழிவைத் தராசுக்கு அருகே பெரிய எழுத்தில் எழுதி வைத்தாலே பேரமும் கையூட்டும் பெருமளவு குறையும்.

எடைக்கு உடனே ரசீது, பணம் நேராக வங்கிக் கணக்கில். பணம் தாமதமானால் விவசாயி வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார். அடுத்த போக நெல்லும் கைமாறிவிடும்.

அளவில் சந்தேகம் வந்தால், நெல் களத்தை விட்டுப் போகும் முன்பே வேறொரு மானியில் மறு அளவை கேட்கும் உரிமை வேண்டும். மாதிரியை இருவர் முன்னிலையில் காற்றுப் புகாத டப்பாவில் நிரப்பி முத்திரையிட வேண்டும். துணிப்பையில் வைத்தால் மறுநாளைக்குள் ஈரம் மாறி, முறையீட்டுக்கு ஆதாரமே இல்லாமல் போய்விடும்.