முற்றத்தைத் தோண்டிய பிறகுதான் சுவர் காய்ந்தது

சென்னையில் நூறு வயது தாண்டிய ஓர் அருங்காட்சியகக் கட்டடத்தின் சீரமைப்பில் சைட் இன்ஜினியராக இருந்தேன். பழைய கட்டடம் என்றதும் எல்லோருக்கும் கவலை கூரையைப் பற்றித்தான். எங்களுடையது மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரம், மூலைவாட்டில் குத்தலாக நிறுத்திய சின்னச் செங்கல், மேலே செங்கல் ஜல்லிக் காரை, அதன்மேல் தட்டை ஓடு. அந்த வேலை ஒழுங்காக முடிந்தது. பாடாய்ப் படுத்தியது தரைதான்.

சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம். உப்புப் பொரிந்து, தொட்டாலே பூச்சு உதிர்ந்தது. முன்பு எப்போதோ சுவருக்குச் சிமென்ட் பூசி, முற்றம் முழுக்கக் கான்கிரீட்டும் போட்டுவிட்டார்கள். சுண்ணாம்புச் சுவர் வாங்கிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. மண்ணிலிருந்த ஈரத்துக்கு மேலே போக்கில்லை, சுவருக்குள் ஏறிவிட்டது.

கான்கிரீட்டைப் பெயர்த்தோம். அதிர்வு ஆகாது என்பதால் சுவரோரம் மட்டும் உளியும் சுத்தியலும்தான். ஒரு சாண் ஆழத்தில் பழைய கருங்கல் பலகைகள், கொத்திய உளித் தடம் அழியாமல் கிடந்தன. சுவரோரம் புதைந்திருந்த அடிப்பீடத்தின் கடைசி வரிசைக் கல்லும் வெளியே வந்தது. கட்டியவர்கள் தரையை எந்த மட்டத்தில் வைத்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மேலிடத்தில், மறுபடி கான்கிரீட் போட்டு அதன்மேல் பேவர் பிளாக் பதித்தால் சீக்கிரம் முடியும் என்றார்கள். நான் விடவில்லை. 2012 தீ விபத்தில் சிதைந்த, சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகாலைப் பொதுப்பணித்துறை சுண்ணாம்புக் காரையால் மீட்டதைச் சொல்லிச் சொல்லியே சம்மதிக்க வைத்தேன்.

சுண்ணாம்பைக் குழியில் நீற்றி ஊறவிட்டு, மணலும் செங்கல் தூளும் சேர்த்து அரைத்தோம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை மேஸ்திரியே பார்த்துப் பார்த்து ஊற்றினார். "கரண்டியக் கவுத்தாலும் விழக் கூடாது சார்" என்பார். கவிழ்த்தும் காட்டுவார்.

சரளை, அதன்மேல் மணல், அதில் பழைய பலகைகள், இடுக்கில் சுண்ணாம்பு. வாட்டம் சுவரை விட்டு வெளிப்பக்கமாக, பத்தடிக்கு ஒன்றரை அங்குலம். ஐப்பசி மழையில் குடையோடு போய் நின்று பார்த்தேன். சுவரடியில் சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை.

சுவர் உள்வரை காயாமல் பூச்சு வேண்டாம் என்று நிறுத்திவைத்தோம். திறப்பு விழா தள்ளிப்போனது. வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை. இந்த மாதிரி வேலைக்கு எஸ்டிமேட் போடுகிறவர்கள் முற்றத்தை முதல் வேலையாக வையுங்கள், காய்வதற்கென்று ஒரு கோடை முழுக்க ஒதுக்குங்கள்.